வெள்ளிடைமலையைக் கண்டுபிடிக்க 27 வருடம்

வெள்ளவத்தையில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் முதலில் வந்து சேருவது திருத்துகிற பாஸ் இல்லை, கூட்டம். எங்கள் அடுக்குமாடியில் மோட்டார் மூச்சை விட்டபோது மூன்று நாளாக அதைச் சுற்றி நின்றவர்கள்: ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவர், ஓய்வே பெறாத அவருடைய மனைவி, ஸ்காபரோவிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் எட்டிப்பார்த்த மூன்றாம் மாடி வீட்டுக்காரர். நாலாம் நாள் காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து 155 பஸ் பிடித்து பாஸ் வந்தார். மோட்டாரில் காதை வைத்துக் கேட்டார். பையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் டியூபை எடுத்து இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, காற்று இழுத்துக்கொண்டிருந்த மூட்டில் இறுக்கிச் சுற்றினார். தண்ணீர் ஏறியது.

மனேஜர் ஐயா உடனே சொன்னார்: “உது எனக்கு அப்பவே தெரியும்.”

மூன்று நாளாய் வாளியும் கையுமாகப் படியேறி இறங்கிய மனிதர் அவர். தெரிந்திருந்தால் ஏன் ஐயா தலை முழுகவில்லை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மூத்தவர்களிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் எங்கள் லேனில் இல்லை.

ஆனால் அந்த ஒரு வசனம்தான் பேட்டண்ட் சட்டத்தின் தீராத வயிற்றுவலி. ஒருவன் புதிதாய் ஒன்றைச் செய்து பேட்டண்ட் வாங்குகிறான். பக்கத்துக் கடைக்காரன் அதையே செய்து விற்கிறான். வழக்கு வருகிறது. பக்கத்துக் கடைக்காரனின் அப்புக்காத்து எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான பக்கங்களில் சொல்வதெல்லாம் இதுதான்: உது எல்லாருக்கும் அப்பவே தெரியும். அது உண்மையா, பார்த்த பிறகு வந்த ஞானமா என்று நீதிபதி கண்டுபிடிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கு 65ஆம் பிரிவில் ஒரு வழி சொல்கிறது. உலகத்தில் ஏற்கனவே இருப்பதையெல்லாம் முன்னால் பரப்பி வைத்தாலும், அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஓர் ஆளுக்கு அது பளிச்சென்று தோன்றியிருக்காது என்றால் பேட்டண்ட் நிற்கும். தோன்றியிருக்கும் என்றால் விழும்.

யார் அந்த ஆள்? அப்படி ஒருவர் கிடையாது. சட்டம் பெற்ற பிள்ளை அவர். தன் தொழிலைப் பற்றி உலகத்தில் எந்த மொழியில் என்ன அச்சாகியிருந்தாலும் படித்திருப்பார். படித்தது ஒன்றையும் மறக்கமாட்டார். ஆனால் சொந்தமாய் ஒரு யோசனை மட்டும் வரவே வராது. 1986இல் ஒரு கனடிய நீதிபதி இவருக்கு ஜாதகம் எழுதியபோது, கைத்திறமையும் தர்க்கமும் நிறைந்தவர், உள்ளுணர்வு துளியும் இல்லாதவர், மூளையின் இடதுபக்கம் வலதுபக்கத்தை வென்றதன் அடையாளம் என்கிற மாதிரி வர்ணித்தார். இப்படிப்பட்டவரைக் கொழும்பில் தேடினால் அரசாங்க அலுவலகங்களில் மட்டும்தான் கிடைப்பார்.

நான் அவரை பாஸ் என்றே கூப்பிடப் போகிறேன். ஒல்லாந்தர் இந்தத் தீவில் விட்டுப்போனவற்றில் கோட்டைகளைவிட உறுதியானது அந்தச் சொல். மேசன் பாஸ், தச்சு பாஸ், கராஜ் பாஸ் என்று ஒருவரையாவது கூப்பிடாமல் கொழும்பில் ஒரு வீடும் நிமிர்ந்து நிற்பதில்லை. நீதிமன்றங்கள் உண்டாக்கிய கற்பனை பாஸின் வாழ்க்கை வரலாறுதான் இது. பாவம், அவரை யாரும் ஒரு பிளேன்டீக்குக்கூட உட்காரவிடவில்லை.

அவர் பிறந்தது 1851இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், கதவுக் குமிழ் ஒன்றைப் பிடித்தபடி. அதுவரை கதவுக் குமிழ்களை உலோகத்தில் செய்தார்கள், மரத்தில் செய்தார்கள். ஹாட்ச்கிஸ் கூட்டத்தார் அதே குமிழைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்து பேட்டண்ட் வாங்கினார்கள். கிரீன்வுட் என்பவர் அதைப் பார்த்துச் செய்தார். நீதிபதி நெல்சன், இது கெட்டிக்கார மெக்கானிக் செய்கிற வேலை, கண்டுபிடிப்பாளன் செய்கிற வேலை இல்லை என்று தள்ளிவிட்டார். உட்பரி என்ற நீதிபதி மட்டும், பொருள் மலிவாகவும் நல்லதாகவும் வந்தால் போதாதா என்று தனியாக முனகினார். அந்தக் கெட்டிக்கார மெக்கானிக்தான் நம் பாஸின் முதல் அவதாரம்.

1875இல் பென்சில் நுனியில் ரப்பர் பொருத்தியதும் இதே வாசலில் விழுந்தது. எழுதுகிற சாமான் ஒன்று, அழிக்கிற சாமான் ஒன்று, இரண்டையும் ஒட்டியது தவிர என்ன புதுமை என்றது நீதிமன்றம். அந்தப் பேட்டண்டைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியிருந்த ரெக்கென்டோர்ஃபர், எழுதியதையெல்லாம் அழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

1941இல் பாஸுக்கு வேலையே போய்விட்டது. கார் டாஷ்போர்டில் சொருகினால் சூடாகி, சூடானதும் தானே துண்டித்துக்கொள்ளும் சிகரெட் லைட்டர் ஒன்று வழக்குக்கு வந்தது. நீதிபதி டக்ளஸ், கண்டுபிடிப்பு என்றால் படைப்பு மேதைமையின் மின்னல் வெட்டவேண்டும் என்று எழுதினார். மின்னல்! பத்து வருடம் பட்டறையில் கைசுட்டு, பிழைவிட்டு, திருத்தி, கடைசியில் சரியாகச் செய்தவனுக்கு ஒன்றுமில்லை. குளியல் தொட்டியிலிருந்து துணியில்லாமல் ஓடினால்தான் பேட்டண்ட். 1950இல் அதே நீதிமன்றம் ஒரு சூப்பர்மார்க்கெட் கல்லாமேசையைப் பிடித்தது. வாங்கிய சாமான்களை மூன்று பக்கச் சட்டம் ஒன்றால் காசாளர் பக்கம் தள்ளிவிட்டு, சட்டத்தை மட்டும் பின்னால் இழுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சங்கதி. கீழே இரண்டு நீதிமன்றங்கள் கண்டுபிடிப்பு என்று கும்பிட்டதை மேலே கீழே போட்டு மிதித்தார்கள். டக்ளஸ் தன் பங்குக்கு, பேட்டண்ட் அலுவலகம் கைகூசாமல் கொடுத்த கண்டுபிடிப்புகளுக்கு ஒரு பட்டியலே போட்டார். அதில் பென்சில் ரப்பரும் உண்டு, கிழிக்க இலகுவாக இருக்கட்டும் என்று வட்டத்துக்குப் பதில் நீள்வட்டமாகச் சுற்றிய கழிவறைக் காகிதமும் உண்டு.

அமெரிக்கப் பாராளுமன்றம் பொறுக்க முடியாமல் 1952இல் சட்டத்தை எழுதிவைத்தது. மின்னல் வெட்டி வந்ததோ வியர்வை சிந்தி வந்ததோ, வந்த விதம் பற்றிக் கேள்வி இல்லை. பாஸுக்கு அப்போது பளிச்சென்று தெரிந்திருக்குமா என்பதே கேள்வி. பாஸுக்குத் திரும்பவும் வேலை கிடைத்தது.

இனித்தான் கதை நம் பக்கம் வருகிறது.

உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். வார்த்து வந்த பாத்திரத்தை லேத்தில் மாட்டிச் சுழற்றி, உளிபிடித்துச் சுரண்டி மினுக்கவேண்டும். பழைய முறையில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம்தான் பிடி, லேத்தின் தலைப்பக்கம். மறுபக்கம் அந்தரத்தில் ஆடும். உளி கொஞ்சம் அழுத்திவிட்டால் பாத்திரம் கழன்று பறக்கும். 1947இல் அமெரிக்கச் சனங்கள் வானத்தில் பறக்கும் தட்டு என்று கூச்சல் போட்டார்கள். மிர்சாபூரில் தட்டு, சட்டி, லோட்டா எல்லாம் பட்டறைக்குள்ளேயே பறந்தன. யாரும் பத்திரிகைக்குச் சொல்லவில்லை, குனிந்துகொண்டார்கள்.

அந்த ஊர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். லேத்தின் வால்பக்கத்திலிருந்து கூர்முனை ஒன்றைக் கொண்டுவந்து பாத்திரத்தை மறுபக்கமும் அழுத்திப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் பிடி. பறக்க வழியில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, 1951 டிசம்பரிலிருந்து செல்லுபடியாகிறபடி பேட்டண்டும் வாங்கினார்கள். 1952இலேயே அதே ஊர் பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் கடையிலும் பாத்திரங்கள் சந்தேகத்துக்கிடமான அளவுக்குப் பறக்காமல் நின்றன. வழக்கு.

பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் சொன்ன பதில் உங்களுக்கே தெரியும். எங்கள் மனேஜர் ஐயா சொன்னதுதான், ஹிந்தியில்.

அலகாபாத் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர் கேட்டார். லேத்துக்கு வால்பக்கம் கூர்முனை இருப்பது பழைய சங்கதி, இதிலே புத்தி எங்கே என்று பேட்டண்டை ரத்துச் செய்தார். அப்பீல். அதே நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து, இல்லை, இது கண்டுபிடிப்புத்தான் என்று உயிர்கொடுத்தார்கள். மறுபடி அப்பீல். 1978 டிசம்பரில் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்க்காரியா, இது வெறும் பட்டறைத் திருத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று திரும்பவும் ரத்துச் செய்தார். (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பது நமக்கு உயர் நீதிமன்றம், அவர்களுடைய உயர் நீதிமன்றம் நமக்கு மேல் நீதிமன்றம். பாக்கு நீரிணையைத் தாண்டும்போது நீதிமன்றங்கள் எல்லாம் ஒரு படி இறங்குகின்றன. எவ்வளவு வழக்குத் தாள்களில் இந்தக் குழப்பம் குடும்பம் நடத்தியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.)

கணக்குப் பாருங்கள். 1951 டிசம்பர், 1978 டிசம்பர். எந்தத் தொழிலாளிக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும் என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள நாட்டின் பெரிய மூளைகளுக்கு 27 வருடம் பிடித்தது. வெள்ளிடைமலை என்கிறோமே, அந்த மலையைச் சுற்றி அம்பத்தொன்றில் ஏறத் தொடங்கியவர்கள் எழுபத்தெட்டில்தான், அடடே மலை, என்றார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டத்தில் பேட்டண்டுக்கு ஆயுள் 16 வருடம். அந்தக் கணக்கில் அது 1967இலேயே இயற்கை மரணம் எய்தியிருக்கவேண்டும். உச்ச நீதிமன்றம் தூக்கில் போட்டது செத்துப் பதினொரு வருடமான பிணத்தை. அதற்காகவா இவ்வளவு செலவு என்று கேட்காதீர்கள். வேலிக்கு ஒரு முழம் நிலம் போனதற்காகத் தாத்தா போட்ட வழக்கைப் பேரன் நடத்துவதைப் பார்த்தவர்கள் நாங்கள். மிர்சாபூரை யாழ்ப்பாணத்துக்குச் சகோதர நகரமாக இன்னும் ஏன் அறிவிக்கவில்லை?

எனக்குப் பிடித்தது அந்த வழக்கின் உருவம். கீழ்நீதிமன்றம் தலைப்பக்கம், உச்ச நீதிமன்றம் வால்பக்கம், நடுவில் பாத்திரம் போல வழக்கு சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்த பிறகுதான் நின்றது. அதே தொழில்நுட்பம்.

சர்க்காரியாவின் தீர்ப்பை அநியாயமாகச் சிரிக்கவும் கூடாது. அவர் பாஸுக்கு நல்ல ஒரு பரீட்சை வைத்தார். அந்தத் தேதியில் தொழிலின் பொது அறிவு எல்லாம் தெரிந்த ஒரு கைதேர்ந்த தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கூலியாள் இல்லை, விஷயம் தெரிந்தவர். பாத்திரம் பறக்கிறது என்ற பிரச்சினை அவர் முன்னால் இருக்கிறது. புது உபாயம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய ஆவணங்களை அவர் கையில் கொடுத்தால், எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது என்பாரா? அழகான கேள்வி. கஷ்டம் என்னவென்றால், கேட்கிறவர்கள் எல்லாருக்கும் விடை தெரியும். விடை தெரிந்தவர்கள் கூடி, விடை தெரியாதவனுக்கு விடை தெரிந்திருக்குமா என்று பேசுவதுதான் இந்த வழக்குகளின் தலைவிதி.

மாம்பழத்துக்கு நடந்த போட்டியையே எடுங்கள். உலகத்தைச் சுற்று என்றார்கள். தம்பி மயிலேறிப் போனார். அண்ணன் அம்மா அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்டார். சுற்றி முடித்த பிறகு அங்கே நின்ற தேவர்களுக்கெல்லாம், நாரதர் உட்பட, அது அப்பவே தெரிந்திருக்கும். முருகனுக்கு நல்ல அப்புக்காத்து இருந்திருந்தால் அதைத்தான் வாதாடியிருப்பார்: பெற்றோரே உலகம் என்பது ஊரறிந்த சங்கதி, இதில் புதுமை இல்லை, பழத்தை ரத்துச் செய்யவும். தீர்ப்புச் சொன்னதும் அப்பா, அப்பீல் கேட்கவேண்டியதும் அப்பா. அந்த நீதிமன்றத்தின் லட்சணம் தெரிந்துதான் முருகன் அப்பீலுக்குப் போகாமல் பழனிக்குப் போனார்.

அப்பீலில் யார் எதைத் திரும்பத் தொடலாம் என்பதில் அமெரிக்கர்கள் ஒரு சமையலறை ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். பழைய கண்டுபிடிப்புகள் எவை, வித்தியாசம் என்ன, பாஸின் திறமை எவ்வளவு என்பதெல்லாம் சம்பவம். அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரிந்திருக்குமா என்பது சட்டம். 1966இல் ஜான் டியர் கம்பனியின் கலப்பை வழக்கில் இதைப் பிரித்துவைத்தார்கள். கொத்துரொட்டிக் கடையில் வைத்துச் சொன்னால், எத்தனை முட்டை, எவ்வளவு கறி என்பது சம்பவம். கீழ்க்கடைக்காரர் எண்ணியதை மேல்மாடிக்காரர் லேசில் மறுக்கக்கூடாது. ஆனால் தட்டில் வந்தது ருசியா இல்லையா என்பது சட்டம். அதை மேல்மாடிக்காரர் சொந்த நாக்கால் புதிதாய்ச் சுவைத்துப் பார்க்கலாம். பேட்டண்ட் அலுவலகம் எண்ணிய முட்டையைக்கூட அப்பீல் நீதிமன்றம் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது. 1999இல் சுர்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கையைத் தட்டிவிட்டு, எண்ணினவன் எண்ணியது ஓரளவு நியாயமாக இருந்தால் விட்டுவிடு என்றது.

நாக்குகள் ஒத்துப்போனால்தானே. டெக்ஸாஸில் சாக்ரைடா என்பவரின் மாட்டுப் பண்ணை வழக்கு 1976இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சரிவான தரையில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சாணியை அடித்துக்கொண்டு போவதற்குப் பேட்டண்ட். கீழே செல்லாது என்றார்கள், நடுவே செல்லும் என்றார்கள், மேலே செல்லாது என்றார்கள். நீதிபதி பிரென்னன், தண்ணீரால் தொழுவம் கழுவுவது ஆதிகாலத்து வழக்கம் என்பதற்கு அடிக்குறிப்பில் சாட்சியாகக் கூட்டிவந்தது ஹெர்குலிஸை. அவன்தான் ஆற்றைத் திருப்பிவிட்டு ராஜாவின் தொழுவத்தை ஒரே நாளில் கழுவினவன். புராணத்தைக் காட்டிப் பேட்டண்டை அடிக்கலாம் என்றால் புஷ்பக விமானத்தை வைத்து நாங்கள் போயிங் கம்பனியையே மூடியிருக்கலாமே, யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கிலாந்தில் ஹெர்குலிஸைவிடச் சின்ன ஆள் போதுமாயிருந்தது. பாய்மரம் கட்டிய பலகையில் அலைமேல் போகிறார்களே, அந்த விண்ட்சர்ஃபிங்குக்கு 1968இல் அமெரிக்கர்கள் பேட்டண்டுக்கு விண்ணப்பித்து, பிறகு கோடிகளில் விற்றார்கள். எண்பதுகளில் லண்டன் அப்பீல் நீதிமன்றத்தில் எதிராளிகள் கொண்டுவந்தது பீட்டர் சில்வர்ஸ் கதையை. 1958இல், 12 வயதில், ஹேலிங் தீவுக் கடற்கரையில் பள்ளி விடுமுறைக்கு ஒரு பலகையில் பாயைக் கட்டி ஓட்டியிருக்கிறான் பையன். அவன் வைத்த கட்டைகள் நேரானவை, பேட்டண்டில் இருந்தது வளைந்தது. பலகையைப் பார்த்த எந்தப் பாஸும் கட்டையை வளைத்திருப்பார் என்றது நீதிமன்றம். பேட்டண்ட் மூழ்கியது. காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற பையன்களை நான் இப்போதெல்லாம் மரியாதையோடு பார்க்கிறேன். எவனுடைய வாலில் எந்தக் கம்பனியின் தலை தொங்குகிறதோ.

கடைசியில் 2007. பாஸ் ஒரு கார் பெடலின் மேல் கால் வைத்தார். அக்சிலரேட்டர் பெடலில், அசையாத அச்சுப் பகுதியில் எலக்ட்ரானிக் சென்சர் பொருத்தியதற்கான பேட்டண்ட் டெலிஃப்ளெக்ஸ் கம்பனியிடம். எதிரே கேஎஸ்ஆர் கம்பனி. கீழ்நீதிமன்றம் இது வெளிப்படை என்றது. நடுவில் இருந்த அப்பீல் நீதிமன்றம், பாஸ் தானாக ஒன்றும் யோசிக்கமாட்டார், இதையும் அதையும் சேர் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா, காட்டு என்றது. போதனை, தூண்டல், உந்துதல் என்று மூன்று வார்த்தைகளை அது மந்திரமாக வைத்திருந்தது. உச்ச நீதிமன்ற விசாரணையில் நீதிபதி பிரையர், அந்த உந்துதல் என்ன என்று பதினைந்து இருபது தடவை வாசித்தும் தனக்கு விளங்கவில்லை என்றார். நீதிபதி ஸ்காலியா ஒரே சொல்லில் முடித்தார், உளறல் என்று. ஏப்ரல் 30ஆம் தேதி ஒன்பது பேரும் சேர்ந்து, பாஸ் ஒன்றும் யந்திரம் இல்லை, அவருக்கும் சாதாரண அளவு சொந்தப் புத்தி உண்டு, பொது அறிவும் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். கீழே ஆம், நடுவே இல்லை, மேலே ஆம். அதே மிர்சாபூர் லேத், டெட்ராய்ட் கார்களுக்குள். எங்கள் அடுக்குமாடியில் வசிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீர்ப் பிரச்சினையும் எப்போதும் நடு மாடியில்தான்.

ஆக, பாஸுக்கும் மூளை உண்டு என்று உலகத்தின் பணக்கார நீதிமன்றம் ஒத்துக்கொள்ள 1851இலிருந்து 2007 வரை 156 வருடம் எடுத்தது. பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை வந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். டொயோட்டாவின் காலும் நிசானின் கையும் சேர்ந்து ஓடுகிற வாகனம் ஒன்றையாவது அங்கே பார்க்காமல் திரும்ப முடியாது.

நமக்கும் இதில் பழைய பங்கு உண்டு. தீவெல்லாம் கோப்பிச் செடி நின்ற காலத்திலேயே, 1859இல், வெள்ளைக்காரன் இங்கே கண்டுபிடிப்பாளர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தான். 1906இல் புதியது. 1979இல் நம்முடையதே ஒன்று. கோப்பி போய்த் தேயிலை வந்து, ராணி போய் ஜனாதிபதி வந்து, பாஸ் மட்டும் போகவில்லை.

ஆனால் எழுதப்படாதவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதை 1995இல் மஞ்சள் காட்டியது. காயத்துக்கு மஞ்சள் போட்டால் ஆறும் என்று மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் பேட்டண்ட் கொடுத்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேரும் இந்திய வம்சாவளியினர். அவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பார்தானே? இந்தியாவின் விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் சண்டைக்குப் போனபோது ஒரு வில்லங்கம் முளைத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டில் ஒன்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அச்சில் வந்திருக்கவேண்டும். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் கும்பகோணத்திலும் கோடிப் பாட்டிமார் கோடி முழங்கால்களில் மஞ்சள் அப்பியிருக்கலாம். ஒருவரும் பிரசுரமாகவில்லை. எனவே அவர்கள் சாட்சி இல்லை. கடைசியில் பழைய சமஸ்கிருத ஏடுகளையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டித்தான் 1997இல் பேட்டண்டை விழுத்தினார்கள். பாட்டிக்குத் தெரியும் என்பதற்குப் பாட்டி ஆதாரம் இல்லை. இலங்கையில் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த 2020இல் அதே மஞ்சள் தங்கம் மாதிரிக் கடல்வழியாகக் கடத்தப்பட்டது வேறு கதை; பேட்டண்ட் இல்லாமலே விலை ஏறியது.

எழுதப்படாதவற்றின் அருங்காட்சியகம் ஒன்று வைத்தால் அதில் பாதி வெள்ளவத்தைப் பரண்களில் இருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்து, பிறகு கொழும்புக்கு வந்தவர்களைக் கேளுங்கள். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த நாளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் எண்ணெயை ஊறவைத்து, திரியைச் சின்னக் குழாயில் செருகி இரவு முழுக்கப் படித்தார்கள். பெட்ரோல் இல்லையென்று மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் மருந்து கொடுக்கிற மாதிரி நாலு துளி பெட்ரோல். பற்றரி இல்லையென்று சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். செய்தி முடிகிறவரைக்கும் சுற்றுவது வீட்டின் கடைசிப் பிள்ளை. இவற்றையெல்லாம் முதலில் செய்தது யார் என்று கேட்டால் ஊருக்கு ஒருவர் கையைத் தூக்குவார். பேட்டண்ட் எடுக்கக் கொழும்புக்கு வரவேண்டியிருந்தது. வர அன்றைக்கு பாஸ் எடுக்கவேண்டியிருந்தது. அது வேறு பாஸ்.

தெற்கில் மருத்துவர் விஜய கொடகும்புர குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களைச் சத்திரசிகிச்சை மேசையில் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார். குட்டையாக, பாரமாக, இரண்டு பக்கம் தட்டையாக, திருகுமூடி போட்ட ஒரு கண்ணாடி விளக்கைச் செய்தார். சரிந்தால் உருளாது, எண்ணெய் கொட்டாது. யோசனை கொடுத்தது குள்ளமாக உட்கார்ந்திருக்கும் மார்மைட் போத்தல். 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கைப் பார்க்கிற எவரும் சொல்வார், இதில் என்ன பெரிய சங்கதி, போத்தலைக் குட்டையாக்கியதுதானே. ஆம். மார்மைட் போத்தல் பல வருடமாக எல்லார் வீட்டு அலுமாரியிலும் இருந்தது. எல்லாரும் பாணில் பூசினார்கள்.

மோட்டார் ஓடத் தொடங்கிய அன்று பாஸுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்து மிர்சாபூர் கதையைச் சொன்னேன். தலைப்பக்கம், வால்பக்கம், கூர்முனை என்று நான் கையால் காட்ட, அவர் எனக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் லேத் பட்டறையிலும் கொஞ்சக் காலம் இருந்தவராம். பாஸ், நீங்க அங்க இருந்திருந்தா இது உங்களுக்குத் தோணியிருக்குமா என்று கேட்டேன். சட்டம் 170 வருடமாகக் கேட்க மறந்த கேள்வியை அந்த ஆளிடமே நேராகக் கேட்டுவிட்ட பெருமை எனக்கு.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“கேசு எத்தனை வருசம்னு சொன்னீங்க?”

“இருபத்தேழு.”

“அத்தனை வருசமும் அந்த ஊர்ல வேலை நடந்திச்சில்ல?”

“நடந்திருக்கும்.”

“சட்டி பறக்குறது நின்னிச்சா தம்பி?”

நான் தீர்ப்பை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். நின்றிருக்கவேண்டும் என்றேன்.

“அப்ப சரி” என்று பையைத் தோளில் போட்டார். “டியூபு ரெண்டு மாசந்தான் தாங்கும். ஆமர் வீதியில ஒரு வாசர் வாங்கி வைங்க, வந்து போட்டுத் தாறேன். முக்கால் இஞ்சி. முக்கால்னு சொல்லுங்க, இல்லாட்டி ஒண்ணு தருவான்.”